காசு கொடுத்தால் அச்சாகும் அறிவியல்: ஜர்னல்களின் 360 ஆண்டுக் கதை

1) "இதுக்கு ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கு டாக்டர்!"

வாட்ஸ்அப்பில் சுற்றும் கஷாயத்துக்கும் இந்த வரி உண்டு. மருந்து கம்பெனிக்காரர் நீட்டும் வழவழப்பான நோட்டீஸிலும் இந்த வரி உண்டு. கேட்டவுடன் பலர் வாயடைத்துப் போகிறோம். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்த ஜர்னலில் வந்திருக்கு?"

அந்தக் கேள்வி ஏன் முக்கியம், காசு கொடுத்தால் எதையும் போடுகிற ஜர்னல்கள் எப்படி முளைத்தன, நல்ல ஜர்னலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை வரலாற்றோடு சேர்த்துச் சொல்றேன். நீளமான த்ரெட்தான். பி.ஜி. மாணவர்கள் கட்டாயம் படிங்க. மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கேன்.

2) கதை 1665இல் தொடங்குது. அதற்கு முன்பு ஒரு விஞ்ஞானி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவார். சிலர் வேறு யாரும் திருடிவிடக் கூடாதே என்று பூட்டி வைத்துக்கொள்வார்கள். "நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்" என்ற சண்டைக்குப் பஞ்சமே இல்லை.

லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். ஐரோப்பா முழுவதிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வரும். அவற்றை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1665 மார்ச் 6ஆம் தேதி 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பாரிஸில் இன்னொரு இதழ் வந்துவிட்டது என்றாலும், அறிவியலுக்கென்றே வந்த முதல் ஜர்னல் இதுதான். இன்றைக்கும் வெளிவருகிறது.

3) இதில் ஒரு சுவாரஸ்யம். அந்த ஜர்னல் ஓல்டன்பர்க்கின் சொந்த முயற்சி. அதில் நாலு காசு பார்க்கலாம் என்றும் அவர் எதிர்பார்த்தார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆக, ஜர்னலும் காசும் பிறந்ததிலிருந்தே கூடவே இருக்கு. காசு சம்பந்தப்பட்டாலே மோசடி என்று நினைத்துவிடாதீங்க. காசு யாரிடமிருந்து, எதற்காக வருகிறது என்பதுதான் இந்தக் கதையின் மையம்.

ராயல் சொசைட்டியின் கொள்கை வாசகம் லத்தீனில் இருக்கும். யார் சொன்னாலும் அதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ளாதே என்பது அதன் சாரம். நம் திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்திலும் இதே கருத்து உண்டு. ஜர்னல் என்ற அமைப்பின் உயிரே இதுதான்: எழுதினவர் பெரிய ஆளா என்று பார்க்காமல், எழுதியது சரியா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும்.

4) 1752இல் ராயல் சொசைட்டி அந்த ஜர்னலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு வைத்தது. ஆனால் இன்று நாம் 'பியர் ரிவ்யூ' என்று சொல்கிற முறை, அதாவது அதே துறை நிபுணர்கள் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி அவர்கள் கருத்தைக் கேட்பது, எல்லா இடத்திலும் வழக்கமானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

1953இல் 'நேச்சர்' இதழில் வந்த வாட்சன், கிரிக்கின் டி.என்.ஏ. கட்டுரை அப்படி வெளியே அனுப்பிச் சரிபார்க்கப்பட்டதல்ல. நேச்சர் அதைக் கட்டாயமாக்கியது 1973இல்.

5) ஐன்ஸ்டைனுக்கே இது புதுசாக இருந்தது. 1936இல் அவரும் நாதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் என்று ஒன்று இல்லை என்ற முடிவோடு 'ஃபிசிக்கல் ரிவ்யூ'வுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை ஒரு நிபுணரிடம் கொடுத்தார். அவர் பக்கம் பக்கமாகத் தவறுகளைச் சுட்டிக்காட்டினார்.

ஐன்ஸ்டைனுக்குக் கோபம். "அச்சடிக்கத்தானே கொடுத்தோம், வேறு ஆளிடம் காட்ட யார் சொன்னது" என்ற தொனியில் பதில் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் பிறகு அது வேறொரு ஜர்னலில் வெளியானபோது முடிவு மாறியிருந்தது. தவறு திருத்தப்பட்டிருந்தது. அந்த நிபுணர் எச்.பி. ராபர்ட்சன் என்பது பல ஆண்டுகள் கழித்து உறுதியானது. 2015இல் ஈர்ப்பு அலைகளைக் கருவியிலேயே பிடித்துவிட்டார்கள்.

ஐன்ஸ்டைனையே திருத்த ஒருவர் தேவைப்பட்டார் என்றால், நம் தீசிஸுக்குத் தேவையில்லையா?

6) நல்ல கட்டுரை ஒன்று என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கு.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. அவ்வளவு படுக்கைகளுக்கு ஏழை நாடுகள் எங்கே போகும்? 1956இல் மெட்ராஸில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.

7) 193 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை, மற்றவர்களுக்கு சானடோரியம். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். இடநெருக்கடியான வீட்டில், சத்துக் குறைவான சாப்பாட்டோடு மாத்திரை எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகக் குணமானார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை.

1959இல் இந்த ஆய்வு உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியானது. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரை வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போகிறார் என்றால், அதன் வேர் அந்தக் கட்டுரையில் இருக்கு.

அந்த 193 பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில் மறுபடி வருவார்கள்.

8) இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுகள் ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டின. கட்டுரைகள் குவிந்தன. இதில் வியாபாரம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்தவர் ராபர்ட் மேக்ஸ்வெல். 1951இல் ஒரு சிறு பதிப்பகத்தை வாங்கி 'பெர்கமன் பிரஸ்' என்று பெயர் வைத்தார். துறைக்கொரு ஜர்னல் என்று வரிசையாகத் தொடங்கினார்.

கணக்கைப் பாருங்க. ஆராய்ச்சிக்குப் பணம் அரசுடையது. கட்டுரை எழுதும் விஞ்ஞானிக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் கொடுப்பது. சரிபார்க்கும் நிபுணர் இலவசமாகப் பார்க்கிறார். கடைசியில் அச்சான ஜர்னலை அதே பல்கலைக்கழக நூலகம் காசு கொடுத்து வாங்க வேண்டும்! 1991இல் பெர்கமனை எல்செவியர் நிறுவனம் 44 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

9) ஜர்னல் விலை ஏறிக்கொண்டே போனது. நூலகங்கள் திணறின. வளரும் நாடுகளின் டாக்டர்களுக்குப் பல கட்டுரைகள் எட்டாக்கனி. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வை மக்களே படிக்க முடியவில்லை.

இதற்கு எதிராக எழுந்ததுதான் 'ஓப்பன் அக்சஸ்' இயக்கம். 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் வந்தது: ஆய்வுகள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2003இல் 'பிளாஸ் பயாலஜி' தொடங்கியது. நோபல் பரிசு பெற்ற ஹரால்ட் வார்மஸ் அதன் நிறுவனர்களில் ஒருவர். படிப்பவருக்கு இலவசம் என்றால் செலவை யார் ஏற்பது? எழுதுபவர். தொடக்கத்தில் ஒரு கட்டுரைக்கு 1,500 டாலர். பெரும்பாலும் அந்த ஆராய்ச்சிக்கான நிதியிலிருந்தே அது போகும்.

நோக்கம் உன்னதமானது. அதில் சந்தேகமே இல்லை.

10) ஆனால் ஒரு சின்ன மாற்றம் நடந்துவிட்டது. அதுவரை ஜர்னலின் வாடிக்கையாளர் வாசகர். குப்பையைப் போட்டால் நூலகம் சந்தாவை நிறுத்திவிடும். இப்போது வாடிக்கையாளர் எழுத்தாளர். ஏற்றுக்கொண்டால் காசு, நிராகரித்தால் நஷ்டம்.

நேர்மையான ஜர்னல் இந்தச் சபலத்தைத் தாண்டி நிற்கும். நேர்மையற்றவனுக்கோ, ஒரு வெப்சைட்டும் ஒரு இமெயில் முகவரியும் இருந்தால் போதும். அச்சகம் வேண்டாம், சந்தாதாரர் வேண்டாம், தபால் செலவு இல்லை. கடை திறந்தாச்சு!

11) இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஜெஃப்ரி பீல். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக டென்வர் வளாகத்தில் நூலகர். அவருடைய இன்பாக்ஸில் கட்டுரை கேட்டு இமெயில்கள் வந்து குவிந்தன. இலக்கணப் பிழைகளோடு, ஊர் பேர் தெரியாத பதிப்பகங்கள். 2010இல் இவற்றுக்கு 'பிரிடேட்டரி' என்று பெயர் வைத்தார். வேட்டையாடும் ஜர்னல்கள் என்று சொல்லலாம்.

2011இல் அவர் பட்டியலில் இருந்த பதிப்பகங்கள் 18. 2017 தொடக்கத்தில் 1,155. அந்த ஜனவரியில் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்.

பீல் மீது விமர்சனமும் உண்டு. ஒரே ஆள் நீதிபதியாக இருக்கலாமா, ஏழை நாட்டு ஜர்னல்களை எளிதில் சந்தேகப்பட்டாரே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். வெப்சைட் சுமாராக இருப்பது வறுமையின் அடையாளமாகவும் இருக்கலாம். அதை மோசடியோடு போட்டுக் குழப்பக் கூடாது.

12) மோசடியை நிரூபிக்கச் சிலர் பொறி வைத்தார்கள். 2009இல் ஃபில் டேவிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், கம்ப்யூட்டரே கோத்துக் கொடுத்த அர்த்தமில்லாத ஒரு கட்டுரையை பெந்தம் என்ற பதிப்பகத்தின் ஜர்னலுக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டோம், 800 டாலர் கட்டுங்கள் என்று பதில் வந்தது.

2013இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் செய்தது இன்னும் பெரிசு. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் கற்பனை, அவருடைய கல்லூரியும் கற்பனை. உள்ளே படித்த எவரும் கண்டுபிடிக்கக்கூடிய பெரிய ஓட்டைகள். 304 ஓப்பன் அக்சஸ் ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. 98 நிராகரித்தன.

13) இந்தியர்கள் தலைகுனிய வேண்டிய இடம் இது. போஹனன் கணக்கில் இந்தியாவிலிருந்து இயங்கிய ஜர்னல்களில் 64 ஏற்றன, 15தான் நிராகரித்தன.

ஆனால் இன்னொன்றையும் கவனிங்க. எல்செவியர், சேஜ், வோல்டர்ஸ் க்ளூவர் போன்ற பெரிய பெயர்களின் கீழ் வந்த ஜர்னல்கள் சிலவும் அந்தப் போலிக் கட்டுரையை ஏற்றன. காசு வாங்கும் ஓப்பன் அக்சஸ் ஜர்னலான 'பிளாஸ் ஒன்' நிராகரித்தது. ஆக, காசு வாங்குவதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, பெரிய பதிப்பகத்தின் பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது.

14) 2015இல் ஷென், பியோர்க் என்ற இருவர் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். வேட்டை ஜர்னல்களில் 2010இல் வந்த கட்டுரைகள் சுமார் 53,000. 2014இல் சுமார் 4,20,000. சுமார் 8,000 ஜர்னல்கள். ஒரு கட்டுரைக்குச் சராசரிக் கட்டணம் 178 டாலர். அவர்கள் எடுத்த மாதிரியில் எழுத்தாளர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் இந்தியர்கள்.

ஏன் இந்தியா? நம் ஆட்கள் எல்லோரும் ஏமாளிகளா? இல்லை. பாதிப் பேர் தெரிந்தேதான் கொடுக்கிறார்களோ என்று தோன்றும் அளவுக்கு ஒரு காரணம் இருக்கு: பதவி உயர்வு.

15) 2010இல் யு.ஜி.சி. கல்லூரி ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி. மருத்துவக் கல்லூரிகளில் எம்.சி.ஐ. விதிகளின்படி உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக, இணைப் பேராசிரியர் பேராசிரியராகக் கட்டுரைகள் தேவைப்பட்டன.

காலை முதல் ஓ.பி., மதியம் வார்டு, இரவு டியூட்டி, நடுவில் மாணவர்களுக்கு வகுப்பு. ஆராய்ச்சிக்கு நேரமும் இல்லை, நிதியும் இல்லை, புள்ளியியல் சொல்லித்தர ஆளும் இல்லை. ஆனால் கட்டுரை வேண்டும். தேவை இருக்கும் இடத்தில் கடை முளைக்கத்தானே செய்யும்?

16) கட்டுப்பாடுகளும் வந்தன. ஆனால் ஓட்டையோடு வந்தன. 2015இல் எம்.சி.ஐ. எந்தெந்தப் பட்டியல்களில் உள்ள ஜர்னல்கள் செல்லும் என்று அறிவித்தது. அதில் மெட்லைன், ஸ்கோபஸோடு 'இண்டெக்ஸ் கோபர்நிக்கஸ்' என்ற போலந்து பட்டியலும் இருந்தது. அதன் தரத்தை மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் வெளிப்படையாகவே கேள்வி கேட்டார்கள். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதியில் அது இல்லை.

யு.ஜி.சி. 2017இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜர்னல்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது. புனே பல்கலைக்கழகத்தின் பூஷண் பட்வர்தன் குழு, அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்த்த 1,009 ஜர்னல்களை அலசியது. 88 சதவீதம் தகுதியற்றவை! 2018 மே மாதம் யு.ஜி.சி. 4,305 ஜர்னல்களை நீக்கியது. பிறகு 'கேர்' என்ற புதிய பட்டியல். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

இனி பட்டியலை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நாமேதான் பார்க்கணும்.

17) சட்டம் எங்கேயாவது பிடித்ததா? ஒரு பெரிய வழக்கு உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகம் நூற்றுக்கணக்கான ஜர்னல்களும் மாநாடுகளும் நடத்தியது. 2016 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. கட்டணத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை, சம்மதிக்காதவர்களின் பெயரை ஆசிரியர் குழுவில் போடுகிறார்கள், நிபுணர்கள் சரிபார்த்ததாகச் சொல்வது உண்மையல்ல, கட்டுரையைத் திரும்பக் கேட்டாலும் தருவதில்லை என்பவை புகார்கள். 2019 மார்ச்சில் நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிட்டது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 350 கோடி ரூபாய்.

18) ஆசிரியர் குழுவில் எப்படிப் பெயர் சேர்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சோதனை. போலந்து ஆய்வாளர்கள் 'அன்னா ஓ. ஷூஸ்ட்' என்ற கற்பனைப் பெண்ணை உருவாக்கினார்கள். போலிஷ் மொழியில் 'ஓஷூஸ்ட்' என்றால் மோசடிக்காரர். தகுதியே இல்லாத ஒரு பயோடேட்டாவோடு, ஆசிரியராகச் சேர விருப்பம் என்று 360 ஜர்னல்களுக்கு எழுதினார்கள். 48 ஜர்னல்கள் சேர்த்துக்கொண்டன. அதில் 40 பீல் பட்டியலில் இருந்தவை. முறையான இம்பாக்ட் ஃபேக்டர் பெற்ற 120 ஜர்னல்களில் ஒன்றுகூட ஏற்கவில்லை. இது 2017இல் நேச்சரில் வெளியானது.

19) "அப்போ பெரிய ஜர்னல்னா கண்ணை மூடிட்டு நம்பலாமா?" கூடாது.

2000 முதல் 2005 வரை எல்செவியரின் ஆஸ்திரேலியக் கிளை, ஜர்னல் போலவே தோற்றமளித்த சில இதழ்களை மருந்து கம்பெனிகளின் காசில் வெளியிட்டது. எலும்பு மூட்டு மருத்துவம் பற்றிய ஒன்றுக்குக் காசு கொடுத்தது மெர்க். அதன் வயாக்ஸ் மாத்திரைக்குச் சாதகமான கட்டுரைகள் அதில் வந்தன. மாரடைப்பு ஆபத்தால் 2004இல் திரும்பப் பெறப்பட்ட அதே வயாக்ஸ். விஷயம் வெளியே வந்தது 2009இல், நீதிமன்ற வழக்கின்போது.

1998இல் 'லான்செட்' 12 குழந்தைகளை வைத்து எழுதிய வேக்ஃபீல்டின் கட்டுரையைப் போட்டது. எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2010இல். 12 வருஷம்! அதன் விளைவைத் தடுப்பூசிக்குத் தயங்கும் பெற்றோரிடம் இன்றைக்கும் நாங்கள் பார்க்கிறோம்.

20) அதே லான்செட் 2020 மே 22இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை போட்டது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று சொன்னது. உலகம் முழுவதும் டாக்டர்கள் கேள்வி கேட்டார்கள்: அந்தத் தரவு எங்கே? கொடுக்க முடியவில்லை. ஜூன் 4இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 13 நாள்.

இன்னொரு பக்கம் ஹிந்தாவி. 2021இல் வைலி நிறுவனம் இந்தப் பதிப்பகத்தை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. சிறப்பிதழ்கள் என்ற வாசல் வழியாகக் கட்டுரைத் தொழிற்சாலைகள் உள்ளே புகுந்துவிட்டன. 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பெயரையே கைவிடப் போவதாக வைலி அறிவித்தது.

21) இதிலிருந்து என்ன தெரியுது? தவறே செய்யாத ஜர்னல் உலகத்தில் இல்லை. தவறு நடந்தால் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆசிரியர் இருக்கிறாரா? திருத்தம் போடுகிறார்களா? தப்பான கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்களா? வேட்டை ஜர்னலில் இதெல்லாம் கிடையாது. நீங்களே தவறை உணர்ந்து "எடுத்துவிடுங்கள்" என்றால், அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு.

2019இல் 10 நாடுகளைச் சேர்ந்த நிபுணர்கள் கூடி வேட்டை ஜர்னலுக்கு இலக்கணம் வகுத்தார்கள். பொய்த் தகவல், வெளிப்படைத்தன்மை இல்லாமை, முறையான பதிப்பு வழக்கங்களிலிருந்து விலகல், தொந்தரவு செய்து கட்டுரை கேட்பது. இதில் 'பியர் ரிவ்யூ இல்லாமை'யைச் சேர்க்கவில்லை. ஏன் தெரியுமா? வெளியிலிருந்து பார்த்தால் அது நடந்ததா இல்லையா என்று தெரியாது. அதனால் நாமும் வெளியே தெரிவதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

22) சரி, எப்படிப் பார்ப்பது? பி.ஜி. மாணவர்களுக்கு:

• அவர்களாக வலிய வந்து கூப்பிட்டார்களா? "மதிப்பிற்குரிய டாக்டர், உங்கள் அருமையான ஆய்வை..." என்று சம்பந்தமே இல்லாத துறையிலிருந்து இமெயில் வந்தால் அங்கேயே நிறுத்துங்க. நல்ல ஜர்னலுக்கு ஆள் பிடிக்கும் அவசியம் இல்லை.

• ஐ.எஸ்.எஸ்.என். எண் தரச்சான்று இல்லை. அது வீட்டுக் கதவு எண் மாதிரி. கதவு எண் இருப்பதால் உள்ளே இருப்பவர் நல்லவர் என்று ஆகிவிடாது.

• "பப்மெட்டில் வரும்" என்பதும் போதாது. பப்மெட் என்பது தேடுபொறி. மெட்லைன் என்பது தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பட்டியல். இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாகில் ஜர்னல் பெயரைப் போட்டு, இப்போது மெட்லைனில் இருக்கிறதா என்று பாருங்க.

• ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. என்று ஜர்னல் சொல்வதை நம்பாதீங்க. அந்தந்தப் பட்டியலின் தளத்துக்கே போய்த் தேடுங்க. முன்பு இருந்து நீக்கப்பட்டவையும் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

23) தொடர்ச்சி:

• இம்பாக்ட் ஃபேக்டர் என்பது யூஜின் கார்ஃபீல்ட் உருவாக்கிய அளவுகோல். இன்று அதைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் மட்டும். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று அடைமொழியோடு வந்தால் ஜாக்கிரதை.

• மூன்று நாளில் ஏற்பு, ஒரு வாரத்தில் வெளியீடு என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

• கட்டணம் எவ்வளவு என்று அனுப்புவதற்கு முன்பே தெளிவாகப் போட்டிருக்கிறார்களா?

• ஆசிரியர் குழுவில் ஒருவரைப் பிடித்து "நீங்கள் இதில் இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி இமெயில் போடுங்க. பதிலே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

• பழைய இதழ் ஒன்றைத் திறந்து உங்கள் துறைக் கட்டுரை இரண்டை முழுசாகப் படிங்க. இதைவிட நல்ல சோதனை கிடையாது.

• வெப்சைட் முகவரியைச் சரிபாருங்க. நல்ல ஜர்னலின் பெயரில் போலித் தளம் நடத்துவதும் உண்டு. ஆஸ்திரியாவின் 'வுல்ஃபெனியா', சுவிட்சர்லாந்தின் 'ஆர்ஷிவ் தே சியான்ஸ்' இரண்டுக்கும் இப்படி நடந்து, 2013இல் நேச்சர் அம்பலப்படுத்தியது.

• முடிவு தெரியும் முன் காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. ஒரு இடத்தில் கொடுத்துவிட்டு, எழுத்துமூலம் திரும்பப் பெறாமல் அடுத்த இடத்துக்கு அனுப்பாதீங்க.

24) மருத்துவம் படிக்காதவர்களுக்கு: "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று யாராவது அனுப்பினால், ஜர்னல் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் கேளுங்க. கொடுக்க முடியவில்லை என்றால் அத்தோடு முடிஞ்சது. கொடுத்தால், அது பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்று தேடுங்க. 2010இல் தொடங்கிய 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' இதற்காகவே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. இலவசம். இல்லையென்றால் உங்கள் டாக்டரிடம் காட்டுங்க. கேட்பதில் தப்பே இல்லை.

25) கடைசியாக, அந்த 193 பேர்.

ஒவ்வொரு தீசிஸுக்குப் பின்னாலும் அப்படிச் சிலர் இருக்காங்க. நம் ஓ.பி.யில் வரிசையில் நின்று, அன்றைய கூலியை விட்டுவிட்டு, "படிப்புக்காக ஒரு பரிசோதனை, சம்மதமா?" என்று கேட்டதும் தலையாட்டிக் கையை நீட்டுபவர்கள். படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பவர்கள். "நம்மால நாலு பேருக்கு நல்லது நடந்தா சரி" என்று நினைத்துத்தான் அந்த ரத்தத்தைக் கொடுக்கிறார்கள்.

அந்தத் தரவைக் கொண்டுபோய் யாருமே படித்துப் பார்க்காத ஒரு வெப்சைட்டில் காசு கட்டிப் போட்டால், அந்தச் சம்மதத்துக்கு என்ன மரியாதை? நாளை நல்ல ஆய்வாளர் ஒருவர் எல்லா ஆய்வுகளையும் தொகுக்கும்போது நம் கட்டுரையை எடுக்கவே மாட்டார். உண்மையான தரவாக இருந்தாலும் குப்பையோடு குப்பையாகப் போய்விடும். 1959இல் மெட்ராஸ் ஆய்வு அப்படி ஒரு இடத்தில் வந்திருந்தால், சானடோரியம் வாசலில் இன்னும் எத்தனை காலம் மக்கள் காத்திருந்திருப்பார்கள்?

26) துறைத் தலைவர்களுக்கும் நேர்காணல் குழுவில் உட்காரும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் எத்தனை கட்டுரை போட்டிருக்கிறார் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீங்க. "உங்களுடையதில் சிறந்த ஒன்றைக் கொடுங்கள்" என்று வாங்கி, அங்கேயே படித்து, இரண்டு கேள்வி கேளுங்கள். எண்ணிக்கை கேட்கும் வரை கடைகள் இருக்கும். படிக்கத் தொடங்கினால் பாதிக் கடை தானாகவே மூடிவிடும்.

பி.ஜி. தம்பி தங்கைகளே, நிராகரிப்புக் கடிதம் வந்தால் மனசு ஒடிஞ்சு போயிடாதீங்க. அதில் இருக்கும் குறைகளைப் படிங்க, திருத்துங்க, அடுத்த நல்ல ஜர்னலுக்கு அனுப்புங்க. உங்கள் கட்டுரையை யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கும் யாராவது தெரிந்தவர் இருந்தால் இந்த த்ரெட்டை அனுப்பி வைங்க. ஒரு ஜர்னல் சரியானதா என்று சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, சேர்ந்து பார்ப்போம்.